உப்பு பூக்காத சுவர்: கீழக்கரையில் ஒரு பழைய வீட்டைச் சரிசெய்த கணக்கு

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடியும்வரை விட்டு விட்டுப் பெய்தது. மார்கழிப் பனியும் கழிந்தது. கூடத்தின் தெற்குச் சுவரில் உப்பு பூக்கவில்லை. அடியில் இரண்டு இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பொடி எட்டிப் பார்த்தது. காய்ந்த துணியால் துடைத்ததும் போய்விட்டது, திரும்ப வரவில்லை. ஒரு மழைக்காலம் தாண்டட்டும் என்றுதான் எழுதாமல் வைத்திருந்தேன். இனி எழுதலாம்.

வீடு கீழக்கரையில், கடலிலிருந்து கால் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். உம்மம்மாவிடமிருந்து உம்மாவுக்கு, உம்மாவிடமிருந்து எனக்கு. தரைத்தளம் 1,150 சதுர அடி. நடுவில் முற்றம், முன்னால் கூடம், பக்கத்துக்கு ஓர் அறை, பின்னால் அடுப்படியும் கிணறும். மேலே ஒரே ஓர் அறை. சுவர்கள் முருகைக்கல்லும், அதாவது கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லும், சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை, கனம் 22 அங்குலம். கூரை மட்டப்பா, அதாவது குறுக்கே பனை வாரை (பனை உத்திரம்) போட்டு, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய மொட்டைமாடித் தளம்.

தொண்ணூறுகளில் சுவரின் கீழ்ப்பகுதி உதிர ஆரம்பித்தபோது, 5 அடி உயரத்துக்குச் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். சில வருஷம் பார்க்க நன்றாக இருந்தது. பிறகு உப்பு, சிமெண்ட் பூச்சு முடிந்த இடத்துக்கு மேலே ஏறி 7 அடியில் பூத்தது. அதை மறைக்க டைல்ஸ் ஒட்டினார்கள். டைல்ஸ் தனியாக வீங்கிக்கொண்டு வந்தது. நான் பொறுப்பெடுத்தபோது சுவரைத் தட்டினால் பாதி இடத்தில் காலிப்பானைச் சத்தம் கேட்டது.

வந்து பார்த்த ஒப்பந்ததாரர் ஒருவர், இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்ட 48 லட்சம் என்றார். என்னிடம் இருந்தது 15 லட்சம். இடிக்காததற்குப் பாசம் ஒரு காரணம் என்றால் பணம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் எதிர்வீட்டுச் சன்ஷேடு. அது கட்டி 20 வருஷம்கூட ஆகவில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பாளம் பாளமாகத் தெருவில் தள்ளிக்கொண்டிருந்தது.

கொத்தனாரைக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து கூப்பிட்டோம். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்த்த கை. அவர் முதல் நாள் சுவரைப் பார்க்கவே இல்லை. வீட்டைச் சுற்றி நடந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார். "ஆத்தா, சுவருக்கு வியாதி இல்ல. தண்ணி எங்கெங்க நிக்கிதோ அதை மொதல்ல நிறுத்துங்க, மத்தது பெறகு" என்றார்.

தண்ணீர் மூன்று இடத்தில் நின்றது. முதலாவது குளியலறை. பழைய சுவரிலேயே குழாய் பதித்து, கூடத்துச் சுவரின் மறுபக்கம் கட்டியிருந்தார்கள். இரண்டாவது, வீட்டைச் சுற்றிப் போட்டிருந்த சிமெண்ட் தளம். அது சுவரோடு ஒட்டி இருந்ததால் மண்ணிலிருந்து ஆவியாக வேண்டிய ஈரம் வேறு வழியில்லாமல் சுவரில் ஏறியது. மூன்றாவது மட்டப்பா.

சிமெண்ட் தளத்தை உடைப்பது எளிது. சுவரிலிருந்து 2 அடி அகலத்துக்கு வெட்டியெடுத்து, ஒன்றரை அடி ஆழம் தோண்டி, ஜல்லி நிரப்பினோம். கூலியும் ஜல்லியும் சேர்த்து 19,000 ரூபாய். முழு வேலையிலும் இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட அதிகப் பலன் தந்தது எதுவும் இல்லை.

குளியலறையை வீட்டுக்குள் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். அங்கிருந்துதான் மொத்த வடிவமைப்புக்கும் ஒரு விதி கிடைத்தது: புதிதாக வருவது எதுவும் பழைய சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் அடைபடும், அடைபட்ட இடத்தில் உப்பு வேலை செய்யும். அடுப்படி, அலமாரி, மின்கம்பி, கூரையைத் தாங்கும் மரம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பழைய வீட்டுக்குள் நவீனமாக ஏதாவது தெரிகிறது என்றால், இந்த இடைவெளிதான் தெரிகிறது.

குளியலறையும் கழிப்பறையும் கொல்லையில், வீட்டுச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி, 11-க்கு 8 அடியில் தனிக் கட்டடமாக வந்தன. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த சாம்பல் செங்கல். நிலைக்கு மேல் கருங்கல் பலகை. கூரை மரச்சட்டத்தில் ஓடு. கம்பி என்பதே கட்டடத்தில் கிடையாது. புதுப் பாம்பன் பாலத்துக்கு, 2025 ஏப்ரல் 6-இல் திறந்தார்களே அதற்கு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது; கம்பியையே தவிர்ப்பதுதான் நம் வசதிக்கு ஏற்ற வழி. வீட்டிலிருந்து அங்கே போக மழையில் நனையாமல் ஓர் ஓட்டுத் தாழ்வாரம். எல்லாம் சேர்த்து 3,60,000. மழையிரவில் வெளியே நடக்க வேண்டுமா என்று உம்மா இன்றைக்கும் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

பிறகு சிமெண்டை உரிக்கும் வேலை. பிரேக்கர் மெஷின் போட்டால் முருகைக்கல் சேர்ந்து பெயர்ந்து வரும். உளியும் 1 கிலோ சுத்தியலும்தான். காலிச் சத்தம் கேட்ட இடமெல்லாம் பாளமாக வந்துவிட்டது. ஒட்டிப் பிடித்திருந்த இடங்களில் கல்லின் மேல்தோலும் கொஞ்சம் போயிற்று. பூச்சுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புச் சாந்தை விரலால் சுரண்டினால் ஈரமாவு மாதிரி வந்தது. நாக்கில் வைத்தால் கரித்தது.

கடையில் 2,200 ரூபாய்க்கு வாங்கிய ஈரம் அளக்கும் கருவி இங்கே உதவவில்லை. இரண்டு ஊசியைச் சுவரில் குத்தினால் எண் காட்டும் வகை. உப்பு இருந்தாலே மின்சாரம் நன்றாகக் கடந்துவிடும், காய்ந்த சுவரையும் அது நனைந்த சுவர் என்றுதான் சொல்லும். உபயோகப்பட்டது, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் 300 ரூபாய் டிடிஎஸ் மீட்டர். சுவரில் சுரண்டிய பொடி 10 கிராம், கேன் தண்ணீர் 100 மில்லி, கலக்கித் தெளியவைத்து மீட்டரை விட வேண்டும். தெற்குச் சுவரில் 2 அடி உயரத்தில் 4,800 காட்டியது, 4 அடியில் 3,100, 8 அடியில் 400. கேன் தண்ணீர் மட்டும் 40. உப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் சொல்லியிருக்காது. அதே மீட்டரைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டபோது 5,200. அந்தத் தண்ணீரில்தான் முன்பு சிமெண்ட் குழைத்திருக்கிறார்கள்.

உரித்த சுவரைச் சித்திரை முதல் ஆடி வரை சும்மா விட்டோம். இதுதான் கஷ்டமான கட்டம், ஏனென்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கதவு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். காற்று பட்டு உப்பு வெளியே பூக்கப் பூக்க, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த தார்ப்பாயில் விழுவதை அப்படியே சுருட்டி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் வேலை நின்றுபோய்விட்டதா என்று கேட்டார்கள்.

தெற்குச் சுவருக்கு மட்டும் காகிதப் பற்று போட்டோம். பழைய நாளிதழை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கிரைண்டரில் அரைத்து, கொஞ்சம் களிமண் சேர்த்து, முக்கால் அங்குலக் கனத்தில் சுவரில் அப்ப வேண்டும். காய்ந்ததும் தானே சுருங்கி விலகும். உப்பை இழுத்துக்கொண்டு வரும். முதல் பற்றைக் கரைத்துப் பார்த்தால் மீட்டர் எகிறியது. அடுத்தடுத்து குறைந்தது. 2 அடி உயரத்தில் சுவர்ப்பொடி 900-க்கு வந்ததும் நிறுத்திக்கொண்டோம். பூஜ்யத்துக்கு வராது, கடலோரத்தில் வரவும் வேண்டாம்.

உதிர்ந்துபோன கல்லுக்கு மாற்றுக்கல் கிடைக்காது. மன்னார் வளைகுடாவின் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-இலேயே அறிவித்துவிட்டார்கள். பவளப்பாறை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எடுத்தால் சிறை. அப்படித்தான் இருக்க வேண்டும். கல் வெட்டியெடுத்ததும் ஒரு காரணமாக இரண்டு தீவுகளே தண்ணீருக்குள் போயிருக்கின்றன. எங்களுக்குக் கொல்லையில் சாய்ந்து கிடந்த பழைய மதில் கைகொடுத்தது. அதைப் பிரித்துத் தேறிய கல்லை எடுத்துக்கொண்டோம். போதாத இடத்தில் நன்றாக வெந்த செங்கல் துண்டை வைத்துச் சுண்ணாம்பால் அடைத்தோம். ஹாலோ பிளாக் வைக்கலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. கொத்தனார் தனுஷ்கோடியைக் கைகாட்டினார். 1964 புயலில் கூரை போன தேவாலயத்தின் முருகைக்கல் சுவர் பூச்சு இல்லாமல், இரண்டு பக்கக் கடற்காற்றிலும் இன்னும் நிற்கிறது. ஹாலோ பிளாக் அப்படி நிற்குமா என்பது அவர் கேள்வி.

கூரைக்கு வருகிறேன். கூடத்து மட்டப்பா 18-க்கு 11 அடி. குறுக்கே 12 பனை வாரை. வைரம் பாய்ந்த பழைய பனை. நடுவில் உளி இறங்கவே இல்லை. ஆனால் தெற்குச் சுவருக்குள் சொருகியிருந்த முனைகள் ஒரு அடி நீளத்துக்கு மக்கிப்போயிருந்தன. ஈரச் சுவருக்குள் மரம் இருந்தால் வேறென்ன ஆகும். நான்கு வாரையை முழுசாக மாற்ற வேண்டியிருந்தது. புதிதாகப் பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், நாங்கள் அந்த வழிக்குப் போகவில்லை. சாயல்குடிப் பக்கம் இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய வாரை, ஒன்று 2,400 ரூபாய் என்று வாங்கினோம்.

மீதி எட்டு வாரையின் மக்கிய முனையை அறுத்துவிட்டால் அவை சுவரை எட்டாது. இங்கேதான் அந்த விதி கைகொடுத்தது. தெற்குச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, ஐந்து தேக்குத் தூண் நிறுத்தி, மேலே 6-க்கு 4 அங்குலத்தில் ஒரு விட்டம் ஓடவிட்டு, வாரைகளை அதன் மேல் உட்காரவைத்தோம். தூணுக்குத் தூண் 4 அடி 4 அங்குலம். தேக்கு எல்லாம் பழைய மரம்தான். தூணின் அடியில் கருங்கல் பாதம். அளவுகளை ஓர் இன்ஜினியரிடம் காட்டி, சுமைக் கணக்குப் போட்டு வாங்கிய பிறகுதான் மரம் அறுத்தோம். மட்டப்பா கனம் லேசுப்பட்டதல்ல, இதில் கண்மதிப்பு கூடாது. தூண்களுக்கு நடுவே பின்பலகை இல்லாத அலமாரித் தட்டுகள் போட்டுவிட்டேன். இப்போது கூடத்துக்குள் வருகிறவர்கள் அது புத்தக அலமாரி என்றுதான் நினைக்கிறார்கள், கூரை அதன் மேல் நிற்கிறது என்று தெரிவதில்லை.

வாரையைத் தூக்க இரும்பு ஜாக்கி வாடகைக்கு எடுத்தோம். அடியில் பலகை, மேலே பலகை, நாளுக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. அவசரப்பட்டால் மேலே சுண்ணாம்புத் தளம் விரிந்துவிடும். கூடத்தின் நடுவில் ஒரு மயிரிழை விரிசல் விழத்தான் செய்தது, அது தளத்தோடு போயிற்று.

ஏனென்றால் மேல்தளத்தை எப்படியும் எடுக்க வேண்டியிருந்தது. முன்பு ஒழுகியபோதெல்லாம் ஒரு தடவை சிமெண்ட், ஒரு தடவை தார், அப்புறம் வெள்ளை ரப்பர் பெயிண்ட் என்று அடுக்கியிருந்தார்கள். அத்தனையையும் சுரண்டி இறக்கியதில் கூரையின் பாரம் குறைந்தது தனி லாபம். சாய்த்து நிறுத்திய மட்டச்செங்கல் வரிசை நன்றாகவே இருந்தது, தொடவில்லை. அதன் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, செங்கல் தூள் கலந்து 4 அங்குலம் கொட்டி, மரத் தட்டுக்கட்டையால் 3 அங்குலமாகும் வரை தட்ட வேண்டும். தட்டும்போதே கடுக்காய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். கட்டை எகிறிக் குதிக்க ஆரம்பித்தால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். இந்த வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. நான்கு பெண்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆளுக்கு நாள் 700. மேலே மானாமதுரைப் பக்கத்துத் தட்டை ஓடு. வாட்டம் 10 அடிக்கு 3 அங்குலம். கூரைக்கு மொத்தம் 3,10,000. அதில் பாதிக்கு மேல் கூலி.

இனி பூச்சு. சுண்ணாம்பைப் பாக்கெட்டில் வாங்கவில்லை. வெந்த கிளிஞ்சலாக வாங்கி நாங்களே நீற்றினோம். சுவர்ப் பூச்சுக்கு மட்டும் 600 கிலோ, கிலோ 28 ரூபாய். கொல்லையில் 4-க்கு 4 அடி, 3 அடி ஆழத்தில் குழி, உள்ளே செங்கல் பாவி. குழியில் முதலில் தண்ணீர், அதில் கிளிஞ்சல். மாற்றிச் செய்யக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக் கூடாது, பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவைத்தாலும் தப்பில்லை. தண்ணீர் கிணற்றுடையது அல்ல. குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்துப் பிடித்துச் சேர்த்தது. அது வராத நாளில் லாரித் தண்ணீர். நீறியதைக் கொசுவலையில் வடிகட்டி, மேலே 2 அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். மூன்று வாரம் கட்டாயம். நாங்கள் கூடவே விட்டுவைத்தோம்.

கடுக்காய்த் தண்ணீர் கணக்கு: 100 லிட்டருக்கு இடித்த கடுக்காய் 3 கிலோ, கருப்பட்டி 3 கிலோ, டிரம்மில் மூடிவைத்துப் பத்து நாள். நல்ல கருப்பட்டியைச் சுவருக்குப் போட உம்மாவுக்கு மனசு வரவில்லை. இளகிப்போய் விற்காமல் கிடந்த சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தது, வேலைக்கு அதுவே போதும். நாற்றம் தெருமுனை வரை போகும் என்பதை முன்கூட்டியே அண்டை வீட்டில் சொல்லிவைப்பது நல்லது.

கலவை, சுண்ணாம்பு 1-க்கு மணல் 3. கடல் மணல் பேச்சுக்கே இடமில்லை. ஆற்று மணல் கிடைக்கும் விலைக்கு வாங்க முடியாது. கல்லை அரைத்துப் பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்ட் மணலை வாங்கிச் சலித்து, மாவாக இருந்ததை ஒதுக்கினோம். சுவருக்கு ஒன்றேகால் யூனிட், அதாவது 125 கன அடி, ஆயிற்று. சிமெண்ட் மிக்சரில் போட்டுப் பார்த்தபோது சுண்ணாம்பு உருண்டை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்ததே தவிர மணலோடு சேரவில்லை. இதற்கு நசுக்கி அரைக்கும் உருளை வேண்டும். காரைக்குடியிலிருந்து அரவை மெஷின் வந்தது, வாடகை நாளுக்கு 1,800. அரைத்த சாந்தைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது, அதுதான் பதம்.

முதல் பூச்சு ஆடியில் ஆரம்பமானது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று உச்சத்தில் இருந்த நேரம். 12 மி.மீ கனத்தில் பூசிய மேற்குச் சுவர் மறுநாள் காலையில் வலை போட்டதுபோல் வெடித்திருந்தது. ஈரம் சுண்ணாம்பை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகக் கூடாது. 90 சதுர அடி வரை உரித்து மறுபடி பூசினோம், கூலியில் மட்டும் 6,000 ரூபாய் அதிகம். பிறகு மேற்கு ஜன்னல்களில் நனைத்த கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, பூசுவதற்கு முந்தின இரவே சுவரைப் புகைபோல் தெளிப்பானால் நனைத்து, பூசிய பின் இரண்டு வாரம் காலை மாலை தெளித்து வந்தோம். புரட்டாசியில் காற்று தணிந்த பிறகு பூசிய வடக்கு அறையில் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டாம் பூச்சு 8 மி.மீ, 1-க்கு 2, சலித்த மணல். கடைசியாகத் துணியில் வடிகட்டிய சுண்ணாம்பு மட்டும் காகிதக் கனத்துக்கு. கொத்தனார் இங்கே செட்டிநாட்டுக் கைவரிசையைக் காட்ட ஆசைப்பட்டார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து, முகம் தெரியும்படி பளபளப்பாக்கலாம் என்று முந்நூறு முட்டைக்குக் கணக்குச் சொன்னார். கூடத்தில் 5 அடிக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும் சம்மதித்தேன். கீழே வேண்டாம். கீழ்ப்பகுதியைத் தேய்க்காமல், கொஞ்சம் சொரசொரப்பாக, சுண்ணாம்பு குறைத்து 1-க்கு 4-இல் விட்டோம். உப்பு வந்தால் அந்தப் பூச்சு வழியாக வந்து, அதையே தின்றுவிட்டுப் போகட்டும், கல் பிழைக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை கீழ்ப் பூச்சை மட்டும் மாற்ற வேண்டும் என்பது இந்த வீட்டின் பராமரிப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்பு வெள்ளைதான். எமல்ஷன் அடித்தால் இத்தனையும் வீண்.

1,300 சதுர அடிக்கு 1,95,000 ஆயிற்று. சதுர அடி 150. சிமெண்ட் பூச்சு இதில் பாதிகூட ஆகாது. சேமிப்பு என்று சொல்லி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை, சுண்ணாம்பு விலை கூடியதுதான். 48 லட்சத்தோடு ஒப்பிட்டால்தான் அது மலிவு.

அடுப்படியில் விதியைக் காப்பாற்றுவது சிரமமாக இருந்தது. கருங்கல் மேடையைச் சுவரில் பதிக்காமல், ஆறு கருங்கல் கால்களில், சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி நிறுத்தினோம். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் மேடைக்கு அடியில் கண்ணுக்குத் தெரிகிறபடி ஓடுகின்றன. ஒழுகினால் அன்றைக்கே தெரியும். பார்க்க அழகு. ஆனால் அந்த 4 அங்குலத்தில் கரண்டி, வெங்காயத் தோல், மூடி என்று எல்லாம் விழுந்தது. உம்மா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு கீல் வைத்த தேக்குப் பலகை ஒன்றை இடைவெளிக்கு மேல் போட்டோம். தூக்கினால் கூட்டலாம், மூடினால் மேடையோடு மேடை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் சந்து விட்டிருக்கிறது. இதை முதலிலேயே வரைபடத்தில் போட்டிருந்தால் 3,500 ரூபாய் மிச்சம்.

மின்கம்பி சுவருக்குள் போகவில்லை. காடி வெட்டினால் முருகைக்கல் பொலபொலவென்று வரும். கறுப்புக் குழாய்களை மரக்கட்டை வைத்து 1 அங்குலம் தள்ளி, நேர்கோட்டில், மறைக்காமல் ஓட்டினோம். எலக்ட்ரீஷியன் தம்பிக்கு இது அவமானமாக இருந்தது. "எல்லாரும் உள்ள மறைக்கச் சொல்வாங்க, நீங்க என்னக்கா வெளிய காட்டச் சொல்றீங்க" என்றான். ரசமட்டம் வைத்து ஓட்டி முடித்ததும் அவனே போட்டோ எடுத்துக்கொண்டு போனான். திருகாணி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். துருப்பிடிக்காது என்று விற்கும் 304 ரகத் திருகில் சில மாதத்திலேயே பழுப்புக் கறை கண்டது. 316 ரகம் இரண்டு மடங்கு விலை, அது அப்படியே இருக்கிறது. கடலிலிருந்து இந்தத் தூரத்தில் வெளியே வரும் இடங்களுக்கு 316 மட்டும்தான்.

சூரிய மின்தகடு 2 கிலோவாட். பழைய மட்டப்பாவில் ஏற்றவில்லை, குளியலறைக் கூரைக்குத் தெற்கே தனிக் காலில் நிற்கிறது. 1,30,000 ஆயிற்று, பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 60,000 மானியம் வந்தது. உப்புப் படலம் படிவதால் மழையில்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் கதை.

மழைநீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் உண்டு. மட்டப்பாவில் தண்ணீர் சேகரிக்கும் பரப்பு 70 சதுர மீட்டர். 10 மி.மீ மழைக்கு 700 லிட்டர் விழும், வீணாவது போக 600 என்று வைத்துக்கொள்ளலாம். கொல்லையில் 5,000 லிட்டர் தொட்டி இரண்டு, பாதி மண்ணுக்குள். முதலில் விழும் அழுக்குத் தண்ணீரை ஒதுக்க 6 அங்குலக் குழாய், அடியில் திருகு மூடி. ஐப்பசி முடிவதற்குள் இரண்டும் நிறைந்துவிட்டன. ஆனால் புதுச் சுண்ணாம்புத் தளத்தில் விழுந்து வரும் தண்ணீர் முதல் பருவத்தில் காரமாக இருக்கும், கையில் பட்டாலே வழவழவென்று தெரிந்தது. அதைக் குடிக்கவில்லை. பூச்சில் தெளிக்கவும், தரை கழுவவும், மிச்ச வேலைக்குச் சாந்து குழைக்கவும் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. தொட்டியை முதலிலேயே வைத்திருந்தால் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த 14,000 மிச்சமாகியிருக்கும். அடுத்து யாராவது இந்த வேலையைத் தொடங்கினால் ஜல்லிப் பள்ளமும் மழைநீர்த் தொட்டியும் முதல் வருஷம், உரித்துக் காயவைப்பது அதே வருஷக் கோடை, பூச்சு புரட்டாசிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிச்சுவர் மட்டும் தை பிறந்த பிறகு. ஆடியில் கரண்டியைத் தொட வேண்டாம்.

கதவு ஜன்னல் பழுது, தொட்டி எல்லாம் சேர்த்து 14 லட்சத்துக்குச் சற்று மேல் போயிருக்கிறது. மேல் அறை பாக்கி. அங்கே உப்பு இல்லை, ஒழுகல் மட்டும்தான். கூரை முடிந்ததால் அதுவும் நின்றிருக்கிறது. மேற்கு ஜன்னலுக்கு மேலே 3 அடி நீளத்துக்கு ஒரு விரிசல் இருக்கிறது. அது பழையதா, ஜாக்கி வைத்தபோது வந்ததா என்று பார்க்க, குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுண்ணாம்பில் ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். இதுவரை கண்ணாடி உடையவில்லை. வைகாசி வரை பார்த்துவிட்டு அடைக்கலாம் என்கிறார் கொத்தனார். குழியில் 80 கிலோ போல் சுண்ணாம்பு மிச்சம் கிடக்கிறது, அதற்கு அது போதும்.